எந்த வில்சன்?

ஐயா,
பள்ளி வினாடி வினாவுக்காக வில்சன் என்ற பெயருடைய அறிஞர்களைத் தொகுத்தேன். அண்டமெங்கும் பரவியிருக்கும் மெல்லிய நுண்ணலையான அண்டப் பின்னணிக் கதிர்வீச்சைக் கண்டுபிடித்த ராபர்ட் வில்சன்தான் அமெரிக்காவின் துகள் இயற்பியல் கூடமான ஃபெர்மி ஆய்வகத்தையும் கட்டினார் என்று எழுதியிருக்கிறேன். சரிதானே? துகள்களின் தடத்தைக் காட்டும் முகில் கலம் என்ற கருவியைச் செய்த வில்சன் இவருக்கு உறவா?
– ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

உறவை விடுங்கள். பிரிட்டனில் தடுக்கி விழுந்தால் ஒரு வில்சன் மேல்தான் விழவேண்டும். விடுமுறையிலும் பிள்ளைகளுக்காக உட்கார்ந்து தொகுக்கும் மனசு பெரியது. ஆனால் இரண்டு மனிதரை ஒட்டி ஒருவராக்கிவிட்டீர்களே! இனிஷியலை வெட்டியதன் வினை இது.

கதிர்வீச்சுக்காரர் ராபர்ட் உட்ரோ வில்சன், பிறப்பு 1936. ஆய்வகத்துக்காரர் ராபர்ட் ராத்பன் வில்சன், 1914–2000. 1964-65இல் முன்னவர் நியூ ஜெர்சியின் ஹோம்டெல்லில், ஆர்னோ பென்சியாஸோடு சேர்ந்து, கொம்பு வடிவ ரேடியோ ஆண்டெனாவுக்குள் அப்பியிருந்த புறா எச்சத்தை வழித்துக்கொண்டிருந்தார். வழித்தும் 7.35 செ.மீ. அலைநீளத்தில் இரைச்சல் போகவில்லை, வெப்பநிலைக் கணக்கில் சுமார் 3.5 கெல்வின் அப்படியே நின்றது. அந்த இரைச்சல்தான் அண்டப் பின்னணிக் கதிர்வீச்சு. அதற்குத்தான் 1978 நோபல். பின்னவர் அப்போது கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர். சிகாகோ அருகே ஆய்வகத்துக்கு இயக்குநரானது 1967இல். நோபல் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

ஒவ்வொருவருக்கும் முழுப்பெயர், பிறந்த ஆண்டு, இன்ன ஆண்டில் இன்ன ஊரில் வேலை என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். ஒன்றை விட்டாலும் கோட்டை விடுவீர்கள். ‘இயற்பியலாளர்’ என்று மட்டும் எழுதினால் இருவரும் அதுவே. ‘கார்னெல் வில்சன்’ என்றாலும் போதாது. 1982இல் நோபல் பெற்ற கென்னத் வில்சனும் 1963 முதல் அங்கேதான். இனிஷியலை விரித்து எழுதும்போதும் கவனம் வேண்டும். முகில் கலத்து சி.டி.ஆர். வில்சன், சார்லஸ் தாம்சன் ரீஸ். நடுவிலுள்ள தாம்சனைப் பார்த்து, எலக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே.ஜே. தாம்சன் வீட்டுப்பிள்ளை என்று யாராவது எழுதிவிடுவார்கள். இருவரும் கேவண்டிஷ் ஆய்வகத்தில் இருந்தது வேறு வாகாகப் போய்விடும்.

உடம்பில் செம்பு தேங்கும் வில்சன் நோய், 1912இல் அதை விவரித்த கின்னியர் வில்சன் பெயரால் வந்தது. பகா எண்களைப் பற்றிய ‘வில்சன் தேற்றம்’ ஜான் வில்சன் பெயரில் இருந்தாலும், நிரூபித்தவர் கணிதவியலர் லக்ராஞ்ச். இவர்களைச் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

ஆனால் ‘ராபர்ட் வில்சன் யார்?’ என்று மொட்டையாக மட்டும் கேட்காதீர்கள். அமெரிக்க நாடக இயக்குநர் என்று பதில் சொல்லும் பிள்ளைக்கும் மதிப்பெண் போட்டாக வேண்டும்.