பயாப்சி ரிப்போர்ட்டில் 'டி1' என்றால் டயாலிசிஸ் வருமா?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. பயாப்சியில் ஐஜிஏ நெஃப்ரோபதி (ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் சிறுநீரக வடிகட்டிகளில் படியும் நோய்) என்று வந்திருக்கிறது. ரிப்போர்ட்டின் கடைசியில் 'எம்1 இ0 எஸ்1 டி1 சி0' என்று போட்டிருக்கிறார்கள். கிரியாட்டினின் 1.6, ஒரு நாளைக்கு 2 கிராம் புரதம் சிறுநீரில் போகிறது. இன்னும் எத்தனை வருடத்தில் கிட்னி செயலிழக்கும்?

பதில்: பயாப்சியை மட்டும் வைத்து வருடக் கணக்கு சொல்ல முடியாது. ஆபத்து எவ்வளவு என்று ஓரளவு சொல்லலாம்.

அந்த எழுத்துகள், ஐஜிஏ நோயின் பயாப்சியை மதிப்பிடும் ஆக்ஸ்ஃபோர்டு வகைப்பாட்டைச் சேர்ந்தவை. 2009-இல் வந்தது, 'சி' பின்னால் சேர்ந்தது. முதலில் பார்க்க வேண்டியது டி. சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் சுருங்கி, இடையே தழும்பு விழுந்த பரப்பு அது. டி1 என்றால் 26 முதல் 50 சதவீதம், அதற்கு மேல் டி2. விழுந்த தழும்பை மருந்தால் அழிக்க முடியாது. அதனால்தான் மற்ற எழுத்துகளைவிட டி-க்கு நாங்கள் அதிக கவனம் கொடுக்கிறோம். இ, சி இரண்டும் இப்போது நடக்கும் அழற்சியைக் காட்டுபவை. தம்பியின் பயாப்சியில் அவை தென்படாதது நல்லது.

எத்தனை குளோமெருலஸ் (ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய முடிச்சு) கிடைத்தது என்றும் ரிப்போர்ட்டில் பாருங்கள். ஒரு சிறுநீரகத்தில் ஏறக்குறைய 10 லட்சம் இருக்கும். ஊசியில் வருவது பத்து, இருபதுதான். 8-க்குக் குறைவென்றால் இந்த எழுத்துகளை அவ்வளவாக நம்ப வேண்டாம்.

2019-இல் வெளியான சர்வதேச ஐஜிஏ முன்கணிப்புக் கருவி இந்த பயாப்சி விவரங்களோடு இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் மதிப்பீடு), ரத்த அழுத்தம், புரத அளவு, வயது, மருந்துகள் எல்லாவற்றையும் சேர்த்து ஆபத்தைச் சதவீதமாகத் தருகிறது. டாக்டரிடம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 30 சதவீதம் என்று வந்தால், 30 சதவீதம் டயாலிசிஸ் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீரகத் திறன் பாதியாகக் குறைவதும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். தவிர, கருவியை உருவாக்கியது ஐரோப்பா, வட அமெரிக்கா, சீனா, ஜப்பான் நோயாளிகளின் விவரங்களை முக்கியமாக வைத்து. நம்மவர்களுக்கு அச்சாகப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

என்னைக் கேட்டால், அடுத்த சில மாதங்களில் அந்த 2 கிராம் எவ்வளவு குறைகிறது என்பதுதான் பெரிய விஷயம். அரை கிராமுக்குக் கீழே வந்து அப்படியே நின்றால், டி1 இருந்தாலும் நிலைமை வெகுவாக மாறும். பிரஷரையும் புரதக் கசிவையும் குறைக்கும் ஏசிஇ அல்லது ஏஆர்பி வகை மாத்திரையைத் தாங்கும் அளவுக்குக் கூட்டுவது, உப்பைக் குறைப்பது, பிரஷரைக் கட்டுக்குள் வைப்பது எல்லாம் இதற்காகத்தான். ஸ்டீராய்டு வேண்டுமா என்பதை இந்த எழுத்துகளை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. அதை டாக்டரிடம் பேசுங்கள். அப்புறம், மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் தம்பிக்கு இருந்தால், இன்றோடு நிறுத்தட்டும்; அது கிட்னியைப் பாதிக்கும்.