ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்றுகொண்டு 47 ஹோம் ரன்: எர்னி பேங்க்ஸ்

கேள்வி: பேஸ்பாலில் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடியவர்களில் அதிரடிக்குப் பேர்போனவர் யார்? அவர் அப்படி என்ன சாதித்தார்?

வெறும் எண்ணிக்கைதான் முக்கியம் என்றால் அலெக்ஸ் ராட்ரிகஸ் என்று சொல்லி முடித்துவிடலாம். 2001ல் 52, 2002ல் 57 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி, பந்தை வேலிக்கு வெளியே தூக்கி அடிப்பது) அடித்தவர். ஆனால் அந்த வருடங்களில் ஊக்கமருந்து எடுத்ததைப் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டுவிட்டார், அதனால் என் ஓட்டு அவருக்குக் கிடையாது. என் ஆள் சிகாகோ கப்ஸ் அணியின் எர்னி பேங்க்ஸ்.

முதலில் ஷார்ட்ஸ்டாப் என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம், இல்லாவிட்டால் அவர் செய்ததன் அருமை தெரியாது. பந்தை அடித்தவர் வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய இடங்கள்தான் பேஸ், அதில் இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்பவர்தான் ஷார்ட்ஸ்டாப். வலதுகைக்காரர்கள் இழுத்து அடிக்கிற பந்தெல்லாம் அந்தப் பக்கம்தான் தரையோடு சீறி வரும். ஓடிப்போய்க் குனிந்து அள்ளி, நிமிர்வதற்குள் மைதானத்தின் குறுக்கே முதல் பேஸுக்கு எறிந்தாக வேண்டும். அதனால் அந்த இடத்துக்குக் கைகால் சுறுசுறுப்பான ஆளாகப் பார்த்துப் போடுவார்கள், பேட்டில் ஏதாவது அடித்தால் அது லாபக் கணக்கு. கில்கிறிஸ்ட் வருவதற்கு முன்பு விக்கெட் கீப்பர்களின் பேட்டிங்கை நாம் எப்படிப் பார்த்தோமோ கிட்டத்தட்ட அப்படித்தான். 1949ல் பாஸ்டனின் வெர்ன் ஸ்டீவன்ஸ் அடித்த 39 ஹோம் ரன்தான் ஒரு ஷார்ட்ஸ்டாப் ஒரே சீசனில் தொட்ட உச்சமாக இருந்தது.

பேங்க்ஸ் 1931ல் டல்லாஸில் பிறந்தவர். கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக நடந்துவந்த லீகில் கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்கு ஆடினார், நடுவில் ராணுவத்துக்குப் போய்வந்தார், அப்புறம் இளம் வீரர்கள் பழகி வரும் கீழ்நிலை மைனர் லீக் பக்கமே எட்டிப் பார்க்காமல் 1953 செப்டம்பர் 17 அன்று நேராகக் கப்ஸ் அணியில் இறங்கிவிட்டார். அந்த அணிக்கு ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர்தான். ஜாக்கி ராபின்சன் 1947லேயே நிறத்தடையை உடைத்திருந்தும் கப்ஸ் இவ்வளவு தாமதம். உண்மையில் முந்தியிருக்க வேண்டியவர் ஜீன் பேக்கர், அவருக்குக் காயம் என்பதால் சில நாள் தள்ளிப்போனது. பேக்கரும் ஷார்ட்ஸ்டாப்தான், பாவம், அவரை இரண்டாவது பேஸுக்கு நகர்த்திவிட்டார்கள்.

1955லிருந்துதான் கதை சூடு பிடிக்கிறது. அப்போதெல்லாம் ஹோம் ரன் அடிக்கிறவர்கள் கனமான பேட்டைத்தான் தேடுவார்கள். பேங்க்ஸ் 31 அவுன்ஸ், அதாவது ஒரு கிலோவுக்கும் குறைவான, கைப்பிடி மெலிந்த பேட்டுக்கு மாறினார். உடம்பும் ஒல்லிதான். பழைய காட்சிகள் கிடைத்தால் அவருடைய கையை மட்டும் பாருங்கள்: பேட்டைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, பந்து வரும்வரை நாதஸ்வரத் துளைகளை மூடித் திறப்பது போல விரல்கள் கைப்பிடியில் ஆடிக்கொண்டே இருக்கும், பந்து கிட்டே வந்ததும் மணிக்கட்டில் ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். அந்த சீசனில் 44 ஹோம் ரன். அதில் ஐந்து கிராண்ட் ஸ்லாம், அதாவது மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது அடித்தவை. அந்த ஐந்தைத் தாண்ட 1987 வரை ஆள் இல்லை.

அடுத்த வருடம் கையில் தொற்று வந்து 28ல் நின்றது. அப்புறம் 43, 47, 45, 41. மொத்தம் ஆறு வருடத்தில் 248. வில்லி மேஸ், மிக்கி மேண்டில், ஹேங்க் ஏரன் எல்லோரும் அதே காலத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள், ஆனால் அந்த ஆறு வருடத்தில் இவ்வளவு அடித்தவர் வேறு யாருமில்லை!

1958, 1959 இரண்டு வருடமும், அமெரிக்காவின் இரண்டு பெரிய லீகுகளில் கப்ஸ் ஆடும் நேஷனல் லீகின் மிகச்சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். அந்த லீகில் அதை அடுத்தடுத்து வாங்கிய முதல் ஆள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், கப்ஸ் அப்போது ஜெயிக்கிற அணியே இல்லை. 1958ல் 72 வெற்றி, 82 தோல்வி. அடுத்த வருடம் 74, 80. தோற்கிற அணியில் இருப்பவருக்கு இந்த விருதைச் சுலபத்தில் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். அடிப்பது மட்டும்தான் தெரியும் என்றும் சொல்ல முடியாது, 1959 முழுக்க ஃபீல்டிங்கில் அவர் செய்த பிழை பன்னிரண்டே பன்னிரண்டு, ஷார்ட்ஸ்டாப்களில் அது அப்போதைய சாதனை. 1960ல் தங்கக் கையுறை விருதும் வந்தது.

பிறகு முழங்கால் மக்கர் செய்தது. 1962லிருந்து முதல் பேஸ்காரராகிவிட்டார். மொத்த ஹோம் ரன் 512 என்று எல்லோரும் எழுதுவார்கள், நான் பார்ப்பது அதில் ஷார்ட்ஸ்டாப்பாக அடித்த 277ஐ. 1993ல் இன்னொரு ஷார்ட்ஸ்டாப்பான கால் ரிப்கன்தான் அதைத் தாண்டினார். ஐந்நூறாவது ஹோம் ரன் 1970 மே 12, சொந்த மைதானமான ரிக்லி ஃபீல்டில். அதை நேரில் பார்த்தது வெறும் ஐயாயிரத்துச் சொச்சம் பேர்.

வருத்தமான கணக்கும் ஒன்று உண்டு. 2,528 ஆட்டங்கள் ஆடியும் சீசன் முடிந்து நடக்கும் கோப்பைக்கான ஆட்டம் ஒன்றில்கூட அவர் கால் வைக்கவில்லை. 1969ல் வாய்ப்பு வந்தது, 38 வயதில் 23 ஹோம் ரன் அடித்தார், ஆகஸ்ட் வரை கப்ஸ்தான் முன்னிலை, செப்டம்பரில் நியூயார்க் மெட்ஸ் தட்டிக்கொண்டு போய்விட்டது. கடைசியில் கப்ஸ் 108 வருடம் கழித்துக் கோப்பையை வென்றது 2016ல். இவர் 2015 ஜனவரியில், 84 வயதாக எட்டு நாள் இருக்கும்போது போய்ச் சேர்ந்துவிட்டார்.

சிகாகோவில் கொஞ்ச காலம் வேலை பார்த்தபோது ரிக்லி ஃபீல்டு வாசலில் அவர் சிலையைப் போய்ப் பார்த்தேன். பீடத்தில் அவர் அடிக்கடி சொல்லும் வசனம், ‘லெட்ஸ் ப்ளே டூ’, இன்றைக்கு ரெண்டு ஆட்டம் ஆடுவோம் என்று. அந்த மைதானத்தில் 1988 வரை விளக்கே கிடையாது, அங்கே எல்லா ஆட்டமும் பகலில்தான். சும்மா ஒரு ஆட்டத்துக்கே நாக்கு தள்ளும் ஜூலை வெயிலில் இந்த மனுஷன் இரண்டு கேட்டிருக்கிறார். 2008ல் சிலையைத் திறந்தபோது அந்த வசனத்தில் அப்பாஸ்ட்ரஃபியை விட்டுவிட்டார்கள், ஊரே கேலி பண்ணியதும் சில நாளில் செதுக்கிச் சேர்த்தார்கள். ஒட்டுப்போட்ட மாதிரி தெரிகிறதா என்று குனிந்து பார்த்தேன், தெரியவில்லை.