நாகலகம் வீதியில் எத்தனை அடி?

அன்புள்ள ஐயா,
நாங்கள் கொலன்னாவையில் இருக்கிறோம். இங்கே வெயில் எறிக்கும் நாளிலும் களனி கங்கை பெருகுவதாக வானொலி சொல்கிறது. மேலே வான்கதவைத் திறப்பதால்தான் வெள்ளம் என்கிறார்கள் அயலவர்கள். உண்மையா? 'நாகலகம் வீதி 5 அடி' என்பதை எப்படி விளங்கிக்கொள்வது? இன்னொன்று: களனி விகாரையில் விபீடணனுக்கு எப்படிச் சந்நிதி வந்தது?
வாசகி, கொலன்னாவை

அன்புள்ள சகோதரி,

வான்கதவுக் கதையை விடுங்கள். காசல்ரீயும் மவுஸ்ஸாக்கலையும் ஆற்றின் உச்சியில், சிவனொளிபாதமலைப் பக்கம் இருக்கும் நீர்த்தேக்கங்கள். மொத்த நீரில் சிறு பங்குதான் அவற்றுக்குள் விழுகிறது. தெரணியகலையிலும் யட்டியாந்தோட்டையிலும் கொட்டும் மழை சீதாவக்கை ஆறு, குருகொட ஓயா போன்ற கிளையாறுகளில் இறங்கி வருகிறது. அங்கே மறிக்கப் பெரிய அணை எதுவும் இல்லை. உங்கள் வாசலுக்கு வருவது பெரும்பாலும் அந்தத் தண்ணீர்.

145 கிலோமீற்றர் ஓடும் ஆறு, அவிசாவளை தாண்டியதும் சரிவு குறைந்து நடையைத் தளர்த்திவிடும். மலையில் மழை விட்ட பிறகும் கொழும்பில் நீர் ஏறுவது அதனால்தான்.

ஆற்று நீர்மட்டத்தைக் காட்டும் நாகலகம் வீதி அளவுகோல் கொழும்பு கிராண்ட்பாஸில் இருக்கிறது. 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். 1947இல் 12 அடியைத் தாண்டியது. 2016இல் 7 அடிக்குச் சற்று மேலேதான். ஆனாலும் கொலன்னாவை மூழ்கியது. ஆறு உயர்ந்தால் நகரக் கால்வாய் ஆற்றில் விழும் மதகை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் ஆறு ஊருக்குள் வரும். அடைத்தாலோ ஊரில் பெய்த மழைக்குப் போக்கிடம் இல்லை. முன்பு அதை வாங்கி வைத்திருந்தவை உங்கள் பக்கத்துச் சதுப்புகள். அவற்றில் மண்ணைக் கொட்டி வீடு கட்டிவிட்டோம்.

ஆகவே வீடு ஆற்றோர வெள்ளத் தடுப்பு அணைக்கு ஆற்றுப் பக்கமா, நகரப் பக்கமா என்று முதலில் பாருங்கள். ஆற்றுப் பக்கமென்றால் நாகலகம் வீதி எண்ணுக்குக் காத்திருக்க வேண்டாம். அது உங்கள் வாசலில் நிற்கும் நீரின் கணக்கு. நீர்ப்பாசனத் திணைக்கள அறிக்கையில், ஆற்றின் மேற்பக்கம் இருக்கும் ஹங்வெல்லை அளவுகோலின் வரியைப் படியுங்கள். 8 மீற்றரைக் கடந்து இன்னும் ஏறுகிறதென்றால் பத்திரங்கள், அரிசி, காஸ் சிலிண்டர் எல்லாம் மேலே போகட்டும். 10 மீற்றர் என்றால் நீங்களும்தான். கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணையுங்கள். நகரப் பக்கமென்றால் ஊர் மழையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ஹங்வெல்லை எண் அதைச் சொல்லாது.

விபீடணன் அங்கே புதியவனல்லன். 15ஆம் நூற்றாண்டுச் சிங்களக் காவியமான செலலிஹினி சந்தேசய ஒரு மைனா விடு தூது. ஜயவர்த்தனபுரக் கோட்டையிலிருந்து பறக்கும் பறவை களனியில் அவனிடம் வேண்டுவது, அங்கிருந்து ஆண்ட மன்னன் ஆறாம் பராக்கிரமபாகுவின் மகளுக்கு ஓர் ஆண் குழந்தை. அவள் பெயரைச் சிங்களத்தில் படித்தாலும் தமிழ்க் காதுக்கு உடனே விளங்கும்: உலகுடையதேவி.