விசிட் விசாவில் போய் வேலை விசாவுக்கு மாறலாம் என்கிறார் ஏஜெண்ட்: அனுப்பலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. எட்டாம் வகுப்பு வரை படித்தவன், டைல்ஸ் ஒட்டத் தெரியும். பாஸ்போர்ட் இசிஆர் வகை, அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி தேவைப்படும் வகை. துபாயில் வேலை வாங்கித் தருவதாக ஊர்க்காரர் ஒருவர் 1,20,000 ரூபாய் கேட்கிறார். முதலில் விசிட் விசாவில் போய், அங்கே கம்பெனி விசாவுக்கு மாறிக்கொள்ளலாம், எல்லாரும் இப்படித்தான் போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் குரல்பதிவே அனுப்பியிருக்கிறார். 40,000 முன்பணமும் அசல் பாஸ்போர்ட்டும் கொடுத்துவிட்டோம். இன்னும் 15,000 கொடுத்தால் இசிஆரையும் எடுத்துத் தருவாராம். அனுப்பலாமா?
– ஒரு வாசகி, பெரம்பலூர் மாவட்டம்

பதில்: அனுப்பாதீர்கள் சகோதரி. முதல் வேலையாகப் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்குங்கள்.

அமீரக விசா இணையம் வழியாகவே வருகிறது. விண்ணப்பிக்கப் பாஸ்போர்ட்டின் நகலும் புகைப்படமும் போதும். பிறகு அசல் எதற்கு? நீங்கள் மனம் மாறி முன்பணத்தைக் கேட்டால் உங்களை அலையவிட. 1967 ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி அந்தப் புத்தகம் மத்திய அரசின் சொத்து. உங்கள் தம்பி அதை வைத்திருக்கலாம். ஊர்க்காரர் பீரோவில் வைத்துப் பூட்ட முடியாது.

இனி இசிஆர். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள், வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால், மத்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். விதிவிலக்குகள் சில உண்டு. 27 வயதில் டைல்ஸ் ஒட்டுகிறவருக்கு அவை பயன்படாது என்பதால் விட்டுவிடுகிறேன். வேலைக்கு இல்லாமல் சுற்றிப் பார்க்கவோ உறவினரைப் பார்க்கவோ போனால் இந்த அனுமதி தேவையில்லை. உங்கள் ஊர்க்காரர் நுழைவது இந்தச் சந்தில்தான். ஆனால் 1983 ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் விசாவின் பெயரைப் பார்ப்பதில்லை. வேலை செய்யும் நோக்கத்தோடு நாட்டை விட்டுக் கிளம்புகிறாரா என்றுதான் பார்க்கிறது. விமான நிலையத்தில் இமிக்ரேஷன் அதிகாரி, “எங்கே தங்குவாய்? கையில் எவ்வளவு பணம்? திரும்பும் டிக்கெட் எங்கே?” என்று நான்கு கேள்வி கேட்டால் போதும், தம்பி திணறிவிடுவார். அங்கேயே திருப்பி அனுப்பப்பட்டால் டிக்கெட் பணமும் போயிற்று. “ஏர்போர்ட்டில் செட்டிங் இருக்கிறது” என்று ஏஜெண்ட் சொன்னால், அந்தச் சொல்லே அவர் யாரென்று காட்டிவிடும்.

நம் அரசு செய்திருப்பதும் தோட்டத்துக்கு முள்வேலி போட்டுவிட்டுப் படலைத் திறந்து வைத்த கதைதான். முறையாக வேலைக்குப் போகிறவனிடம் ஒப்பந்தம், காப்பீடு, அனுமதி என்று அடுக்கடுக்காகக் காகிதம் கேட்கிறார்கள். விசிட் என்று ஒரு வார்த்தை சொன்னவன் கிளம்பிவிடுகிறான்.

“அங்கே விசா மாற்ற முடியும் என்று சட்டமே சொல்கிறதே” என்று ஏஜெண்ட் வாதாடுவார். உண்மைதான். அமீரகத்தில் விசிட் விசாவில் இருப்பவர், நாட்டை விட்டு வெளியேறாமலே வேலை விசாவுக்கு மாற வழி இருக்கிறது. இந்த ஒரு விலக்கை வைத்துத்தான் வியாபாரம் முழுவதும் நடக்கிறது என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மாறுவதற்கு முதலில் ஒரு நிறுவனம் வேண்டும். அந்த நிறுவனத்துக்கு ஆள் எடுக்க அரசு ஒதுக்கீடு இருக்க வேண்டும். வேலைக்கான கடிதத்தை அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் படிவத்தில் தர வேண்டும். அதில் தம்பி கையெழுத்திட்ட பிறகு அனுமதி, மருத்துவப் பரிசோதனை, அடையாள அட்டை என்று வரிசையாக நடக்கும். சரி, இவ்வளவும் செய்யத் தயாராக இருக்கும் நிறுவனம், தம்பி பெரம்பலூரில் இருக்கும்போதே வேலைக்கான நுழைவு அனுமதியை அனுப்பிவிடலாமே! ஏன் அனுப்புவதில்லை? முறைப்படி அழைத்தால், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்காக இந்திய அரசு நடத்தும் இ-மைக்ரேட் இணையதளத்தில் சம்பளத்தை எழுதிக் காட்ட வேண்டும். விசிட்டில் வந்தவனை ஒரு மாதம் “வேலை பார்க்கிறோம்” என்று சும்மா உழைக்க வைக்கலாம், பிடிக்காவிட்டால் விரட்டிவிடலாம். ஏஜெண்டும் உரிமம் இல்லாமலே காரியத்தை முடித்துக்கொள்வார். படித்து, கையில் பணத்தோடு நேர்காணல்களுக்கு நேரில் போய் வேலை தேடுகிறவருக்கு இந்த விலக்கு பயன்படும். கடன் வாங்கிக் கிளம்பும் டைல்ஸ் தொழிலாளிக்கு இது பொறி.

மாறாமல் விசா நாள் முடிந்தால் ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் அபராதம் ஏறிக்கொண்டே போகும். அனுமதியில்லாத ஆளை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 2024 இலிருந்து ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹாம் வரை அபராதம். சோதனைக்கு ஆள் வந்தால் “இவனை யாரென்றே தெரியாது” என்று கைகழுவத்தான் பார்ப்பார்.

துபாயாவது வேலை இருக்கிற ஊர். 2022 இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று கிளம்பிய தமிழக இளைஞர்கள், மியான்மர் எல்லையில் மியாவாடியில் மோசடிக் கும்பலிடம் அடைபட்டு, மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களும் படித்தவர்கள்தான்.

பணக் கணக்கைப் பாருங்கள். உரிமம் பெற்ற ஆட்சேர்ப்பு ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அந்த உரிமத்துக்கு அவர் 50 லட்சம் ரூபாய், சிறிய நிறுவனம் என்றால் 8 லட்சம், வங்கி உத்தரவாதம் கொடுத்திருக்க வேண்டும். ஊர் ஊராகப் பாஸ்போர்ட் சேகரிக்கும் சப் ஏஜெண்ட் என்ற ஆளுக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. “சென்னை ஆபீஸுக்கு லைசென்ஸ் இருக்கிறது” என்பார்கள். எண்ணைக் கேட்டு வாங்கி, இ-மைக்ரேட் தளத்தில் அது செல்லுபடியில் இருக்கிறதா என்று பாருங்கள். எட்டாவது படித்தவர் அந்தத் தளத்தைத் தேடிப் பிடித்துப் பட்டியலைப் படித்துக்கொள்வார் என்று எந்த அதிகாரி நினைத்தாரோ தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவரிடம் சொல்லுங்கள்.

முறையான வேலை வந்தால் அமீரக அமைச்சகப் படிவத்தில் வரும் வேலைக் கடிதத்தைத் தமிழிலேயே கேட்டு வாங்கலாம், அமீரகம் அதை அனுமதிக்கிறது. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, தங்குமிடம் யார் பொறுப்பு என்பதை மட்டும் தம்பியே விரல் வைத்துப் படிக்கட்டும். விசாச் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். இங்கே 275 ரூபாயும் வரியும் கட்டினால் இரண்டு ஆண்டுக்குப் பத்து லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு கிடைக்கும். விசிட்டில் போனவருக்கு இது இல்லை.

15,000 ரூபாயில் இசிஆர் எடுப்பது என்றால் போலி மதிப்பெண் பட்டியல் என்று பொருள். பிடிபட்டால் பாஸ்போர்ட் சட்டப்படியே இரண்டு ஆண்டு வரை சிறை, உள்ளே போவது தம்பி. எட்டாவது தேறியிருந்தால் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். தேறிய சான்றிதழோடு மறுவிண்ணப்பம் செய்தால் 1,500 ரூபாய்க் கட்டணத்தில் இசிஆர் இல்லாத பாஸ்போர்ட் வரும்.

பாஸ்போர்ட்டையும் 40,000 ரூபாயையும் ஒரு வாரத்துக்குள் தரும்படி பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். வராவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமும், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் புகார் கொடுங்கள். பணம் அனுப்பிய ரசீதை இணையுங்கள். அந்தக் குரல்பதிவை மட்டும் அழித்துவிடாதீர்கள். விசிட் விசாவில் வேலைக்கு ஆள் அனுப்புகிறேன் என்று அவரே தன் வாயால் சொன்னதைவிட நல்ல சான்று உங்களுக்குத் தேவையில்லை.