அடைக்கோழிக்கு கேரண்டி கார்டு கிடையாது

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கோழிக்கூட்டுப் பக்கமே. கோழி வாங்கி ஏமாந்தவர்கள், முட்டை வாங்கி ஏமாந்தவர்கள், மெஷின் வாங்கி ஏமாந்தவர்கள், அப்புறம் யாரும் ஏமாற்றாமலே தாங்களாகப் போய் ஏமாந்தவர்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், வசவுகளை வெட்டிவிட்டேன்.

கேள்வி: அடைக்கு உட்கார்ந்த கோழி என்று சொல்லி விற்றார்கள். கூடையில் தூக்கி வந்து 12 கருமுட்டை (சேவல் சேர்ந்து இட்ட, குஞ்சு பொரிக்கக்கூடிய முட்டை) வைத்து உட்கார வைத்தேன். ஐந்து நிமிடம்கூட இருக்கவில்லை, மறுநாள் மேய்ச்சலுக்கே போய்விட்டது. விற்றவரைக் கேட்டால் ‘எங்க வீட்டுல நல்லாத்தான் உட்கார்ந்துச்சு’ என்கிறார். ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், எரிச்சலே அதுதான். அடைக்கோழிக்கு முட்டையைவிட இடம் முக்கியம். தான் தேர்ந்தெடுத்த மூலையிலிருந்து பட்டப்பகலில் தூக்கி, கூடையில் போட்டுக் குலுக்கி, புது வீட்டில் இறக்கினால் பாதிக்கு மேற்பட்ட கோழிகளுக்கு அடை கலைந்துவிடும், அதிலும் உட்கார ஆரம்பித்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தால் கேட்கவே வேண்டாம். இது விற்கிறவருக்குத் தெரியாமல் இருக்காது. சொல்லாமல் விற்றாரே, அங்கேதான் அவர் மேல் தப்பு. பாதிப் பணமாவது திருப்பிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

அடுத்த தடவை வாங்கும்போது எத்தனை நாளாக உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள். ஒரு வாரத்துக்குக் குறைவு என்றால் விட்டுவிடுங்கள். பிறகு வயிற்றுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். நிஜமான அடைக்கோழி எழுந்து ஓடாது. உடம்பைத் தட்டையாகப் பரப்பி, இறகைச் சிலிர்த்து, அடித்தொண்டையில் உறுமி, கையைக் கொத்தும். நெஞ்சுக்குக் கீழே இறகு உதிர்ந்த வெறும் தோல் சூடாகக் கையில் படும். எச்சத்தையும் பாருங்கள், ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் இறங்கும் என்பதால் பெரிதாக, நாற்றம் தூக்கலாக இருக்கும். கூடைக்குள் பயந்து ஒடுங்கிக் கிடக்கும் கோழியைக் காட்டி ‘பாருங்க, எழுந்திருக்கவே மாட்டேங்குது’ என்பார்கள். அது அடை இல்லை, பயம்.

கொண்டுவருவது இருட்டிய பிறகுதான். பழைய கூட்டின் வைக்கோலையும் சேர்த்துக் கேட்டு வாங்கி வாருங்கள். வெளிச்சம் குறைந்த, மற்ற கோழிகள் வராத மூலையில் வைத்து, முதல் இரண்டு நாள் டம்மி முட்டை போதும். அதில் உறுதியாக உட்கார்ந்தால் மூன்றாம் நாள் இரவு கருமுட்டையை மாற்றி வையுங்கள். சராசரி உடம்புள்ள கோழிக்கு 10, 12 முட்டை, சின்னக் கோழிக்கு 6, 8. உட்கார்ந்த பிறகு ஓரத்தில் ஒரு முட்டைகூட வெளியே தெரியக் கூடாது. ஒவ்வொன்றிலும் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் மற்ற பெட்டைகள் வந்து இட்டுப்போகும் முட்டையும் கலந்து எதற்கு எத்தனையாவது நாள் என்றே தெரியாமல் போய்விடும்.

கேள்வி: கடையில் வாங்கிய ஒரு டஜன் முட்டையை அடை வைத்தேன். இன்றோடு 24 நாள். ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. கடைக்காரர் பழைய முட்டையைத் தலையில் கட்டிவிட்டாரா?

பதில்: முட்டைப் பண்ணையில் சேவலே கிடையாது. சேவல் இல்லாமல் இட்ட முட்டையில் கரு இருக்காது, எத்தனை நாள் அடை வைத்தாலும் பொரிக்காது. கடைக்காரரை விட்டுவிடுங்கள், முட்டையை மட்டும் வெடிப்பதற்குள் வெளியே எடுங்கள்.

கேள்வி: 98 சதவீதம் பொரிப்பு என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்த இன்குபேட்டர் (முட்டை பொரிக்கும் மெஷின்) வாங்கினேன். 50 முட்டை வைத்து 29 குஞ்சு வந்தது. கம்பெனியில் கேட்டால் கருவில்லாத முட்டைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள்.

பதில்: இதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

பொரிப்பு சதவீதத்தில் இரண்டு கணக்கு உண்டு. வைத்த முட்டை அத்தனையையும் வைத்துப் போடுவது ஒன்று, கரு இருந்த முட்டைகளை மட்டும் வைத்துப் போடுவது இன்னொன்று. உங்கள் 50 முட்டையில் 10 முட்டை கருவில்லாதவை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கணக்கில் 50க்கு 29, அதாவது 58 சதவீதம். அவர்கள் கணக்கில் 40க்கு 29, அதாவது 72.5. இரண்டுமே சரியான கணக்குதான், ஆனால் பெட்டியில் அச்சடிக்கும்போது எந்தக் கணக்கு என்று ஒருவரும் சொல்வதில்லை. வாங்கப்போகிறவர் 50 வைத்தால் 49 குஞ்சு என்று நினைத்துக்கொண்டு பணத்தை எண்ணி வைக்கிறார். சரி, அவர்கள் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் 72.5 எங்கே, 98 எங்கே? அந்த எண் எந்த முட்டையை வைத்து, யார் முன்னால் சோதித்து வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் எல்லாம் பேச்சு வேறு பக்கம் திரும்பியதே தவிர பதில் வந்ததில்லை.

அடுத்தது வெப்பநிலை. விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி செல்சியஸ். விசிறி இல்லாததற்கு, முட்டையின் மேல்மட்டத்தில் வைத்து அளந்தால் அதைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி கூடுதல். திரையில் 37.5 என்று ஒளிர்வதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். என் வீட்டுப் பரணில் ஒரு இன்குபேட்டர் தூங்குகிறது. திரையில் எப்போதும் அழகாக 37.5 காட்டும், உள்ளே காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்தால் 39ஐத் தொடும். விற்ற ஆளிடம் சொன்னதற்கு ‘உங்க தெர்மாமீட்டர்தான் தப்பு சார்’ என்றார். இன்னொரு தெர்மாமீட்டரும் அதையே சொன்னது, அதற்குள் ரிட்டர்ன் கெடு முடிந்துவிட்டது. ஆகவே முட்டை வைப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்கக் காலியாக ஓட்டி, மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். கெடு தாண்டுவதற்குள் செய்ய வேண்டிய வேலை இது. குஞ்சு வரும் நாளும் காட்டிக்கொடுத்துவிடும். கோழிமுட்டைக்கு 21 நாள். 19, 20இலேயே வந்தால் பெட்டி சூடு அதிகம், 22, 23 என்று இழுத்தால் சூடு போதவில்லை.

கம்பெனி உங்களைக் கருவில்லாத முட்டை என்று மடக்கியது ஏன் தெரியுமா? உங்களிடம் பதிவு இல்லை. 7ஆம் நாள் இருட்டறையில் ஒவ்வொரு முட்டையையும் டார்ச் மேல் வைத்துப் பார்த்திருந்தால், சிலந்தி மாதிரி நரம்பு ஓடியவை எத்தனை, வெறுமையாக இருந்தவை எத்தனை என்று தெரிந்திருக்கும். போட்டோ எடுத்திருந்தால் அவர்களால் வாயைத் திறந்திருக்க முடியாது. பொரிக்காத முட்டைகளை இன்னும் தூக்கிப் போடவில்லை என்றால் வெளியில் வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, உடைத்துப் பாருங்கள். வளர்ச்சியே இல்லை என்றால் அனேகமாகக் கருவில்லை. ரத்த வளையம் மட்டும் இருந்தால் ஆரம்பத்திலேயே செத்திருக்கிறது, பழைய முட்டை, வழியில் குலுங்கிய முட்டை, முதல் வாரச் சூடு என்று காரணம் பல. முழுக் குஞ்சாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தால் கடைசி மூன்று நாள் ஈரப்பதத்தையும் சூட்டையும் சந்தேகப்படுங்கள். 18ஆம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்தி, அதுவரை 50, 55 சதவீதத்தில் இருந்த ஈரப்பதத்தை 65க்கு மேல் ஏற்ற வேண்டும், அப்புறம் ஆசையாக மூடியைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது. உங்கள் கையேட்டில் இதெல்லாம் இருக்கிறதா? பலவற்றில் இருப்பதில்லை. இல்லை என்றால் அதையும் புகாரில் சேருங்கள்.

கேள்வி: கூரியரில் கருமுட்டை வரவழைத்தேன். ஒன்றும் உடையவில்லை, வந்த அன்றே மெஷினில் வைத்தேன். பாதிக்கு மேல் வீண்.

பதில்: வந்த அன்றே வைத்தது தப்பு. வழியெல்லாம் குலுங்கிய முட்டையை ஒரு நாள், கூர்முனை கீழே இருக்கும்படி, குளிர்ந்த இடத்தில் அசையாமல் வைத்துவிட்டுத்தான் மெஷினில் ஏற்ற வேண்டும். அப்படிச் செய்தாலும் தூரத்திலிருந்து வரும் முட்டையில் சேதம் உண்டு, ஓடு உடையாவிட்டாலும் உள்ளே காற்றறை (முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்று இடைவெளி) கலங்கியிருக்கும். அதனால் விற்கிறவர் மேல் முழுப் பழியும் போட மாட்டேன். ஆனால் முட்டை இட்ட தேதி கேட்டீர்களா? ஒரு வாரத்துக்குள் இட்டதாக இருக்க வேண்டும், பத்து நாள் தாண்டினால் பொரிப்பு சரியத் தொடங்கும். ‘ஃப்ரெஷ்தான்’ என்பது தேதி ஆகாது.

கேள்வி: அதிகம் முட்டையிடும் கலப்பினப் பெட்டை நான்கு வாங்கினேன். ஒன்றரை வருடமாக ஒன்றுகூட அடைக்கு உட்காரவில்லை. குறைபாடா?

பதில்: குறைபாடு இல்லை, அதற்காகத்தான் அந்த இனத்தையே உருவாக்கினார்கள். அடை உட்கார்ந்தால் முட்டை நின்றுவிடும். அடை வேண்டுமென்றால் அசீல், கொச்சின், சில்கி இனங்கள் பக்கம் போங்கள்.

கேள்வி: எங்கள் கோழி மூன்று முட்டைக்கு ஒரு தடவை அடைக்கு உட்கார்ந்துவிடுகிறது. தண்ணீரில் கலந்து கொடுத்தால் இரண்டே நாளில் அடை தெளியும் என்று ஒரு டானிக் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். லேபிளைப் படித்தால் பொதுவாக வைட்டமின்தான் இருக்கும். அதற்குத் தீவனமே போதும். அடை என்பது புரோலாக்டின் என்ற ஹார்மோன் வேலை, இருட்டும் வெதுவெதுப்பும் அடியில் சேரும் முட்டையும் அதைத் தூண்டிக்கொண்டே இருக்கும். அந்த மூன்றையும் பறித்தால் போதும். அடிப்பக்கம் கம்பிவலை போட்ட கூண்டு ஒன்றைத் தரையிலிருந்து உயர்த்தி, வெளிச்சமான, காற்றோட்டமான நிழலில் வைத்து, வைக்கோல் எதுவும் போடாமல் கோழியை அதில் விடுங்கள். தீவனமும் தண்ணீரும் தாராளமாக இருக்கட்டும், பட்டினி போடாதீர்கள். பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் தெளியும், பிடிவாதக்காரிக்கு ஒரு வாரம். வெளியே விட்டதும் பழைய பெட்டிக்கே ஓடினால் மறுபடி கூண்டு. முட்டையிட ஆரம்பிக்க அதற்குப் பிறகு ஓரிரு வாரம் ஆகலாம். குளிர்ந்த தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகைக் குத்தி விடுவது இதெல்லாம் வதை. அதை யோசனையாகச் சொல்லியிருந்த இரண்டு கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

கேள்வி: குழந்தைகள் கேட்டார்கள் என்று பச்சை, சிவப்பு சாயம் போட்ட குஞ்சு ஆறு வாங்கினேன். எல்லாம் பெட்டை என்றார். நான்கு செத்துப்போயின, மிச்சம் இரண்டும் இப்போது விடியற்காலையில் கூவுகின்றன.

பதில்: வருத்தமாக இருக்கிறது, உங்களுக்காகவும் அந்தக் குஞ்சுகளுக்காகவும். சாயக் குஞ்சு பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணையில் வேண்டாம் என்று ஒதுக்கிய சேவல் குஞ்சுதான். அது முட்டையும் இடாது, கறிக்கோழி மாதிரி வேகமாக எடையும் போடாது. முதல் வாரம் அதற்கு 35 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். நனைத்துச் சாயம் போட்டு, வெட்டவெளியில் அட்டைப்பெட்டியில் வைத்து விற்றால் எது பிழைக்கும்? ஒரு நாள் குஞ்சில் பெட்டையைப் பிரிப்பது பயிற்சி பெற்றவர்கள் வேலை, தெருவில் நின்று தூக்கிப் பார்த்துச் சொல்கிறவர் அள்ளி விடுகிறார். இனி வாங்காதீர்கள், குழந்தைகள் அழுதாலும்.

கேள்வி: ‘10 கோழி வளர்க்கலாம்’ என்று போட்ட ரெடிமேட் கூடு, நாலடிக்கு மூன்றடி. வாங்கலாமா?

பதில்: நாலு மூணு பன்னிரண்டு சதுர அடி. உள்ளே அடையும் இடம் மட்டும் ஒரு கோழிக்கு மூன்று, நான்கு சதுர அடியாவது வேண்டும். ஆக அதில் மூன்று, மிஞ்சிப்போனால் நான்கு. விளம்பரத்தில் எண்ணியது கோழியையா குஞ்சையா என்று தெரியவில்லை. இதே அளவில் ஒன்றை நானும் வாங்கி வைத்திருக்கிறேன், தாழ்ப்பாள் முதல் மழையிலேயே கையோடு வந்தது, இப்போது விறகு அடுக்க உதவுகிறது. இன்னொன்று, அறுகோண ஓட்டை உள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான், நாயையும் கீரியையும் வெளியே நிறுத்தாது. அரை அங்குல வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த கெட்டியான வலை) இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மூன்று வெவ்வேறு ஆட்களிடம் 30 கோழி வாங்கி, என் பழைய கோழிகளோடு விட்டேன். பத்தே நாளில் வெள்ளைக்கழிச்சல் வந்து பாதி போய்விட்டது. ‘தடுப்பூசி போட்டாச்சு’ என்று மூன்று பேருமே சொன்னார்கள். நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: யாரிடம் கேட்பீர்கள்? மூன்று இடத்துக் கோழியையும் ஒரே நாளில் கலந்துவிட்டு, நோய் யார் வீட்டிலிருந்து வந்தது என்று எப்படி நிரூபிப்பீர்கள்? என்ன தடுப்பூசி, எந்தத் தேதி, பாட்டிலின் பேட்ச் எண் என்ன என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, ‘சொன்னார்கள்’ மட்டும்தான் இருக்கிறது. புதுக் கோழி எதுவானாலும் இரண்டு முதல் நான்கு வாரம் தனியாக, தனித் தண்ணீர்க் கிண்ணத்தோடு வைக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. இப்போதைக்கு கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், செத்ததைப் புதையுங்கள், மிச்சத்தை யாருக்கும் விற்காதீர்கள்.

கேள்வி: தாய்க்கோழி 9 குஞ்சு பொரித்திருக்கிறது. முட்டைக்கோழித் தீவனம் ஒரு மூட்டை புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன். தாய்க்கும் குஞ்சுக்கும் அதையே போடலாமா?

பதில்: கூடாது. அதில் முட்டை ஓட்டுக்காக 3.5 முதல் 4 சதவீதம் வரை கால்சியம் இருக்கும், குஞ்சுக்கு ஒரு சதவீதம்தான் தேவை, மிஞ்சியது சிறுநீரகத்தைக் கெடுக்கும். குஞ்சுத் தீவனத்தை இரண்டுக்குமே போடுங்கள், தாய் இப்போது முட்டையிடாததால் அதற்கும் அது ஒத்துக்கொள்ளும். மூட்டையைப் பிரிக்கவில்லை என்றால் இன்றைக்கே கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். பிரித்துவிட்டீர்கள் என்றால் மாற்ற மாட்டார்கள், மற்ற பெட்டைகளுக்குப் போட்டுத் தீருங்கள், குஞ்சுகளுக்கு எட்டாத உயரத்தில்.