அக்காவைக் கேளுங்கள்: சுகப்பிரசவம்தான், மனசுதான் சுகமில்லை

கேள்வி: அக்கா, முதல் பிள்ளை பிறந்து மூன்று மாதம். சுகப்பிரசவம், பிள்ளைக்கும் குறை ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு நடந்ததை நினைத்தாலே அழுகை வருகிறது. எதற்குப் பிறப்புவழியில் வெட்டித் தையல் போட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை, கத்தினதற்கு மிஸ்ஸி (நர்ஸ்) ஏசினார், கணவர் வெளியே பெஞ்சிலேயே இருந்தார். எங்கள் லயத்து அண்ணிக்கோ அவசர ஆபரேஷன், அவர் சிரித்துக்கொண்டே கதை சொல்கிறார். நான்தான் அலட்டிக்கொள்கிறேனா?
- ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இல்லை தங்கச்சி. 'பிள்ளை நல்லா இருக்குல்ல, அப்புறம் என்ன?' என்று வீட்டில் கேட்டிருப்பார்களே! பிள்ளை நலம் ஒரு கணக்கு, உங்கள் மனசு வேறு கணக்கு. எலன் ஹோட்நெட் என்ற கனடா ஆய்வாளர் 2002இல், பிரசவ அனுபவம் பெண்களுக்கு மனநிறைவாக இருந்ததா என்பதைப் பற்றிய 137 ஆய்வறிக்கைகளை அலசினார். வலி, ஆபரேஷன், வயது, வசதி எல்லாவற்றையும்விட, அந்தப் பெண் என்ன எதிர்பார்த்துப் போனாள், பக்கத்தில் யார் தாங்கினார்கள், எப்படி நடத்தினார்கள், முடிவெடுக்கும்போது அவளையும் கேட்டார்களா, இவைதான் பெரிதாக நின்றன. உங்கள் அண்ணிக்கு யாரோ ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு 'இதனாலதான்மா ஆபரேஷன்' என்று சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

உலகச் சுகாதார நிறுவனமும் 2018இல், பிரசவத்தின்போது தாய் விரும்பும் துணை ஒருவர் கூட இருக்க வேண்டும், வழக்கம் என்பதற்காக எல்லாருக்கும் வெட்டக்கூடாது என்றே சொன்னது. ஆக நீங்கள் கேட்டது ஆடம்பரமில்லை.

பிள்ளைக்கு ஊசி போட கிளினிக் போகும்போது உங்கள் பிரசவக் குறிப்பைக் காட்டி, எதற்கு வெட்டினார்கள் என்று நேராகவே கேளுங்கள். காரணம் தெரிந்தாலே பாதி பாரம் இறங்கும். ஆனால் தூக்கமில்லை, அந்த அறையே கனவில் வருகிறது, பிள்ளையைத் தூக்கவே மனமில்லை என்றால் பத்தியக் கசாயத்தோடு விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அடுத்த பிரசவமென்றால், கணவர் உள்ளே வரலாமா என்று ஏழாம் மாதமே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். அவருக்குப் பேறுகால விடுப்பு உண்டா?
- இன்னொரு வாசகி, பீடோர்

பதில்: உண்டு. மலேசியச் சட்டப்படி 2023 ஜனவரியிலிருந்து, சம்பளத்தோடு தொடர்ச்சியாக 7 நாள், ஐந்து பிரசவம் வரை. அதே முதலாளியிடம் ஓராண்டாவது வேலை செய்திருக்க வேண்டும், பிரசவத் தேதிக்கு 30 நாளுக்கு முன்பே, முடியாவிட்டால் பிள்ளை பிறந்ததும் சீக்கிரமே, சொல்லிவிட வேண்டும். வாயால் சொன்னால் 'எங்களுக்குத் தெரியாதே' என்பார்கள், எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.