சமஷ்டியிலிருந்து தனிநாட்டுக்கு

கேள்வி: இலங்கைத் தமிழ்க் கட்சிகள் எப்போது தனிநாடு கேட்கத் தொடங்கின?

பதில்: ஆரம்பத்திலேயே கேட்கவில்லை. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோன விவகாரத்தில் பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்த செல்வநாயகம், 1949-ல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியபோது கேட்டது சமஷ்டிதான், அதாவது கூட்டாட்சி. 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்றார்கள். அப்புறம் 1957-ல் பண்டாரநாயக்கா, 1965-ல் டட்லி சேனநாயக்கா என்று இரண்டு பிரதமர்கள் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். யார் ஆட்சியில் இருந்தாலும் எதிர்க்கட்சி சிங்கள உணர்வைத் தூண்டிவிட்டது, அதுதான் மன்னிக்க முடியாதது. 1976-ல் தமிழ்க் கட்சிகள் சேர்ந்த தமிழர் விடுதலைக் கூட்டணி, வட்டுக்கோட்டைத் தீர்மானத்தில் தனிநாடு கேட்டது. மறு வருடத் தேர்தலிலேயே அந்தக் கூட்டணி 18 இடங்களோடு பிரதான எதிர்க்கட்சி! 1983-ல் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் பிரிவினைக்கு எதிராகச் சத்தியப்பிரமாணம் கேட்க, அவர்கள் மறுத்துப் பதவி இழந்தார்கள். அந்த இடத்தை ஆயுத இயக்கங்கள் எடுத்துக்கொண்டன.